ஒரே பந்தியில் உண்ட கிராமம்: அமெரிக்காவின் பிஷப் ஹில்



ஆதித் திருச்சபையார் தங்கள் நிலங்களையும் வீடுகளையும் விற்று, கிடைத்த பணத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்த வரலாற்றை அப்போஸ்தலருடைய நடபடிகளின் 2-ம், 4-ம் அதிகாரங்களில் நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். வாசிக்கும்போதெல்லாம், "இந்தக் காலத்தில் இப்படி யாராவது வாழ முடியுமா?" என்ற கேள்வியும் நமக்குள் எழாமல் இருப்பதில்லை. அதை எழுத்தின்படியே செய்து பார்த்த ஒரு கிராமம் அமெரிக்காவில் உண்டு. அதன் பெயர் பிஷப் ஹில். 15 ஆண்டுகள் அங்கே ஒரே பையும் ஒரே பந்தியுமாக வாழ்ந்தார்கள். அது எப்படி ஆரம்பித்தது, எதனால் குலைந்தது, குலைந்த பிறகும் அந்த ஊர் எப்படி நிலைத்தது என்பதை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். பொதுக் காரியங்களுக்காகக் காணிக்கை கொடுக்கிற ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளத்தக்க வரலாறு இது.

ஊர் இருக்கும் இடம்

அமெரிக்க வரைபடத்தின் நடுப்பகுதியில், மிச்சிகன் ஏரியின் கரையில் சிகாகோ நகரம் இருக்கிறது. அங்கிருந்து மேற்குத் திசையில் ஏறத்தாழ 160 மைல் பிரயாணம் செய்தால், இல்லினாய் மாநிலத்தின் ஹென்றி கவுண்டியில் பிஷப் ஹில் வரும். இன்னும் மேற்கே போனால் மிசிசிப்பி ஆறு. 2010-ம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் இந்த ஊரின் மொத்த ஜனத்தொகை 128. நம் ஊர்களில் ஒரு தெருவில் குடியிருப்பவர்களே அதைவிட அதிகமாயிருப்பார்கள்.

இந்தப் பிரதேசத்தில் மலைகள் இல்லை. பனியுகத்தில் வடக்கேயிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளங்கள் மேட்டைச் சமப்படுத்திவிட்டன. பனி விலகிய பின் காற்று மென்மையான வண்டலை அள்ளிக்கொண்டு வந்து பரப்பியது. அதன்மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆளுயரத்துக்கும் மேலான புல் வளர்ந்து, மடிந்து, மக்கியது. அதனால் உண்டான கரிய மண் உலகத்தின் மிகச் செழிப்பான மண் வகைகளில் ஒன்று. இன்றைக்கு அந்தப் புல்வெளி அநேகமாய் மறைந்துபோய், கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும் பயிராகின்றன. கோடையில் நல்ல வெயில். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து, பூமி கல்லாகிவிடும்.

அந்த மண்ணில் முதலில் வாழ்ந்தவர்கள் சாக், மெஸ்க்வாக்கி முதலான பூர்வகுடி மக்கள். 1832-ல் நடந்த யுத்தத்தோடு அவர்கள் மிசிசிப்பிக்கு அப்பால் தள்ளப்பட்டார்கள். இந்த ஊரின் கதையைச் சொல்லும்போது அதையும் விட்டுவிடக்கூடாது. நம் கதையில் வருகிறவர்கள் வந்து இறங்கியபோது அந்த நிலம் காலியாகக் கிடந்ததற்குக் காரணம் அதுதான்.

புல்வேர்கள் பின்னிக் கிடந்த அந்த மண்ணை உழுவது எளிதாயிருக்கவில்லை. ஈரமான கரிய மண் இரும்புக் கொழுவில் அப்பிக்கொள்ளும். உழுகிறவன் அடிக்கடி நின்று அதைச் சுரண்ட வேண்டும். ஜான் டீர் என்ற கொல்லர் 1837-ல் இதே இல்லினாய் மாநிலத்தில் மண் ஒட்டாத எஃகுக் கலப்பையைச் செய்தார். 1848-ல் அவர் தம் தொழிலை மிசிசிப்பிக் கரையிலுள்ள மொலின் என்ற ஊருக்கு மாற்றினார். அது பிஷப் ஹில் இருக்கும் இடத்துக்கு அதிக தூரமில்லை. புல்வெளியில் விவசாயம் செய்யலாம் என்ற நம்பிக்கை பிறந்த காலம் அது.

வந்தவர்கள் யார்?

பிஷப் ஹில்லை ஸ்தாபித்தவர்கள் ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள சுவீடன் தேசத்தார். தரங்கம்பாடி, திருப்பத்தூர் பகுதிகளில் ஊழியம் செய்த சுவீடன் மிஷனெரிகளின் மூலம் அந்தத் தேசத்தின் பெயர் நமக்குப் பழக்கமானதே.

அக்காலத்தில் சுவீடனில் லூத்தரன் சபையே அரசாங்கச் சபை. குருவானவர் இல்லாமல் வீடுகளில் கூடி வேதம் வாசிப்பதை 1726-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடைசெய்திருந்தது. அப்படியிருந்தும் கிராமங்களில் விவசாயிகள் இரகசியமாய்க் கூடி வாசித்துவந்தார்கள். "வாசிக்கிறவர்கள்" என்றே அவர்களுக்குப் பெயர் உண்டாயிற்று. 1808-ல் பிறந்த எரிக் யான்சன் என்ற விவசாயி 1843 முதல் இவர்கள் நடுவே பிரசங்கம் செய்யத் தொடங்கினார். கோதுமை மாவு விற்கப் போன இடங்களிலெல்லாம் பிரசங்கித்தார், ஜனங்கள் திரண்டார்கள். மெய்யான விசுவாசிக்குப் பாவமே இல்லை என்று அவர் போதித்தார். வேதாகமம் தவிர மற்றப் பக்தி நூல்கள் தேவையில்லை என்று சொல்லி, 1844-ல் அவருடைய சீஷர்கள் லூத்தரின் நூல்களைக்கூட வெளிப்படையாய் எரித்தார்கள். அவருடைய உபதேசம் முழுவதையும் நாம் ஏற்றுக்கொள்ள முடியாது. ஆனாலும் தாய்மொழியில் வேதத்தை வாசிக்கக் கூடியதற்காக ஏழை ஜனங்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அந்தச் சட்டம் 1858-ல்தான் நீக்கப்பட்டது.

யான்சன் பலமுறை கைதுசெய்யப்பட்டார். கடைசியில் நார்வே வழியாய்த் தப்பி, 1846-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். இடம் பார்ப்பதற்காக ஓலோஃப் ஓல்சன் என்பவர் 1845-லேயே அனுப்பப்பட்டிருந்தார். அவருக்கு உதவியவர்கள் சுவீடனிலிருந்து முன்பே குடியேறியிருந்த மெதடிஸ்டு சகோதரர் இருவர். ஒருவர் நியூயார்க் துறைமுகத்தில் ஒரு கப்பலையே ஆலயமாக்கி ஊழியம் செய்தவர். மற்றவர் இல்லினாயில் குடியிருந்தவர். இப்படியாக, சிகாகோவுக்கு மேற்கே ஹென்றி கவுண்டியில் நிலம் வாங்கப்பட்டது. யான்சன் பிறந்த ஊர் பிஸ்காப்ஸ்குல்லா. அந்தப் பெயரையே ஆங்கிலத்தில் மாற்றி, புதிய குடியிருப்புக்கு பிஷப் ஹில் என்று பெயர் வைத்தார்கள்.

தேசத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் தங்கள் நிலம், வீடு, ஆடுமாடு யாவையும் விற்றுப் பணத்தைப் பொதுப் பையில் போட்டார்கள். பணமுள்ளவன் பணமில்லாதவனுக்கும் கப்பல் கட்டணம் செலுத்தினான். பாய்மரக் கப்பலில் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து நியூயார்க். அங்கிருந்து ஹட்சன் ஆறு, ஈரி கால்வாய், பெரிய ஏரிகள் வழியாகப் படகில் சிகாகோ. அதன்பின் புல்வெளியில் கால்நடை. 1846-க்கும் 1854-க்கும் இடையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படி வந்தார்கள். பிற்காலத்தில் 12 லட்சத்துக்கும் அதிகமான சுவீடன் ஜனங்கள் அமெரிக்காவில் குடியேறினார்கள். அந்தப் பெரும் குடியேற்றத்தின் முதல் அலைகளில் ஒன்று இவர்களுடையது.

முதல் குளிர்காலம்

1846-ம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வந்தவர்களுக்கு வீடு கட்ட நேரமில்லை. ஊருக்குள் ஓடும் பள்ளத்தின் சரிவில் மண்ணைக் குடைந்து குகைபோல் வீடு அமைத்தார்கள். முன்பக்கம் மட்டும் மரச்சுவர். உள்ளே ஒரு அடுப்பு. சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள். மரக்கட்டைகளையும் கித்தான் துணியையும் கொண்டு ஆராதனைக்கும் ஓர் இடம் உண்டாக்கினார்கள். தானியம் போதவில்லை. ஈரமும் நெருக்கமும் நோயைக் கொண்டுவந்தன. அந்த ஒரு குளிர்காலத்தில் மாத்திரம் ஏறத்தாழ 100 பேர் மரித்துப்போனார்கள்.

மனம் கசந்து பிரிந்து போனவர்களும் உண்டு. இருந்தவர்கள் வசந்தகாலம் வந்ததும் உழத் தொடங்கினார்கள்.

ஒரே பந்தி

சில ஆண்டுகளுக்குள் அந்த இடம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. 1848-ல் கட்டப்பட்ட ஆலயம் இன்றும் நிற்கிறது. அதன் அமைப்பே அவர்கள் வாழ்ந்த விதத்தைச் சொல்லும். மேல் மாடியில் ஆராதனை மண்டபம். கீழ்த்தளங்களில் குடும்பங்கள் தங்குவதற்கான அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை வீதம். வீடில்லாதவர்களின் தலைக்குமேல் தேவனுடைய வீடு இருந்தது என்று சொல்லலாம். கருநிற வால்நட் மரத்தில் செய்யப்பட்ட ஆசனங்கள், ஆண்களையும் பெண்களையும் பிரிக்கிற நடுத்தடுப்பு, எல்லாம் அப்படியே இருக்கின்றன.

அடுத்து, சொந்தமாய்ச் சுட்ட செங்கல்லால் நான்கு மாடிக் கட்டிடம் ஒன்றை எழுப்பினார்கள். 1851-ல் அதை நீட்டியபோது அதன் நீளம் 200 அடி. அதன் கீழ்த்தளத்தில் பொதுச் சமையலறையும் சாப்பாட்டுக் கூடங்களும் இருந்தன. முழு ஊரும் அங்கே பந்தி அமர்ந்தது. 1928-ல் அந்தக் கட்டிடம் தீக்கிரையாகிவிட்டது.

யாருக்கும் கூலி கிடையாது. யாருக்கும் தனிச் சொத்தும் கிடையாது. கொல்லன் பட்டறை, தச்சுப் பட்டறை, ஆலை, செங்கல் சூளை, பால்பண்ணை, ரொட்டி சுடும் வீடு என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. பெண்கள் ஆளிச் செடியின் நாரை நூற்று லினன் துணி நெய்தார்கள். 1847-ம் ஆண்டில் மாத்திரம் 12,000 கஜத்துக்கு மேல் நெய்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. முந்தின குளிர்காலத்தில் அத்தனை பேரைப் புதைத்த ஜனங்கள் அதே ஆண்டில் இவ்வளவு நெய்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். துணியை விற்று தானியம் வாங்கினார்கள். பின்னாட்களில், துடைப்பம் கட்டுவதற்கென்றே பயிரிடப்படும் ஒருவகைச் சோளம் அவர்களுக்கு முக்கிய வருமானமாயிற்று. 1854-ல் அருகே இருப்புப்பாதை வந்தது. அங்கே கால்வா என்ற புதிய பட்டணம் எழும்பியது. அவர்கள் கப்பலேறிய சுவீடன் துறைமுகமான யேவ்லேயின் பெயர்தான் அமெரிக்க நாவில் அப்படித் திரிந்தது.

வாந்திபேதி வந்த ஆண்டு

1849 ஜூலை மாதத்தில், புதிதாய் வந்த ஒரு குடியேற்றக் கூட்டத்தாரோடு காலரா ஊருக்குள் நுழைந்தது. அந்நாட்களில் அமெரிக்கா முழுவதிலும் ஆறுகள், ஏரிகள், கால்வாய்கள் வழியே இந்த நோய் பரவிக்கொண்டிருந்தது. பிஷப் ஹில்லில் ஒரே கோடைகாலத்துக்குள் 140 பேருக்கு மேல் மாண்டார்கள். சிலர் அருகிலுள்ள பண்ணைகளுக்கு ஓடினார்கள். நோயும் கூடவே போயிற்று. யான்சனின் மனைவியும் அந்த நோயிலேயே மரித்தார்.

நோய் வருவது விசுவாசக் குறைவினால் என்ற எண்ணத்தை யான்சன் வளர்த்திருந்தார். வியாதியஸ்தருக்கு அது இன்னொரு பாரம். உடலின் வேதனையோடு குற்றவுணர்வையும் அவர்கள் சுமந்தார்கள். ஒரு காரியத்தை மட்டும் நியாயமாய்ச் சொல்ல வேண்டும்: அன்றைக்கு எந்த வைத்தியருக்கும் அந்த நோயின் காரணம் தெரியாது. கெட்ட காற்றினால் வருகிறது என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். காலரா குடிதண்ணீர் வழியாய்ப் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் லண்டனில் தம் முதல் பிரசுரத்தை வெளியிட்டதும் இதே 1849-ல்தான். 1883-84 ஆண்டுகளில் இராபர்ட் கோக் எகிப்திலும் பின்பு நம் கல்கத்தாவிலும் ஆராய்ந்து அந்தக் கிருமியை உறுதியாய் அடையாளம் காட்டினார். காலரா கொல்வது உடலிலுள்ள நீரையும் உப்பையும் வெளியேற்றித்தான். ஆகவே இழந்ததைத் திரும்பக் கொடுத்தால் நோயாளி பிழைப்பார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் எத்தனை பேரைக் காப்பாற்றும் என்பதை 1971-ல் வங்க எல்லையில் பன்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் காட்டினார். இன்று காலத்தோடு சிகிச்சை பெறுகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட மரிப்பதில்லை.

பிஷப் ஹில்லில் புதைக்கப்பட்ட அந்த 140-க்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோரை, சுத்தமான தண்ணீரும் ஒரு பிடி உப்பும் சர்க்கரையும் அவற்றைப் பற்றிய அறிவும் பிழைக்கவைத்திருக்கும். விசுவாசம் அவர்களிடம் குறைவாயிருக்கவில்லை.

தலைவர் வீழ்ந்தார்

1848-ல் ஜான் ரூட் என்ற சுவீடன்காரர் ஊருக்கு வந்தார், முன்னாள் போர்வீரர். யான்சனின் உறவுப் பெண்ணை மணந்தார். தான் ஊரைவிட்டுப் போனாலும் அவளை வற்புறுத்தி அழைத்துப்போவதில்லை என்பது திருமண உடன்படிக்கை. பின்பு அவர் மனைவியையும் குழந்தையையும் அழைத்துப்போக முயன்றார், ஊரார் மறித்தார்கள், பகை முற்றி, ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஊரை மிரட்டுகிற அளவுக்குப் போயிற்று. வழக்கு கேம்பிரிட்ஜ் என்ற கவுண்டித் தலைநகரில் நடந்தது. 1850 மே 13-ந் தேதி அந்த நீதிமன்றக் கட்டிடத்திலேயே ரூட் யான்சனைச் சுட்டுக்கொன்றார்.

எல்லாவற்றுக்கும் ஒரே மனிதனை நோக்கிக்கொண்டிருந்த கூட்டம் அன்றோடு சிதறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்கு அனுப்பப்பட்டிருந்த ஜோனாஸ் ஓல்சன் 1851-ல் திரும்பிவந்து பொறுப்பேற்றார். 1853-ல் மாநில அரசின் பட்டயத்தோடு ஊர் பதிவு செய்யப்பட்டு, ஏழு டிரஸ்டிகள் நியமிக்கப்பட்டார்கள். அதன்பின் வந்த சில ஆண்டுகளே அதன் மிகச் செழிப்பான காலம். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமும் செழுமையான மந்தைகளும் அவர்களுக்கு இருந்தன. 1854-ல் வெண்ணிறத் தூண்களும் கோபுரமும் கொண்ட மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றையும் எழுப்பினார்கள். அதன் கோபுரக் கடிகாரத்தை ஊராரே செய்து 1859-ல் பொருத்தினார்கள். அந்தக் கடிகாரத்துக்கு மணி முள் மாத்திரம் உண்டு; நிமிட முள் கிடையாது.

பையும் கணக்கும்

இப்போது நாம் கவனமாய்ப் படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். பட்டினியும் காலராவும் கொலையும் கலைக்க முடியாத அந்த ஐக்கியத்தைக் கலைத்தது எது?

டிரஸ்டிகளில் ஒருவரான ஓலோஃப் ஜான்சன் பணவிவகாரங்களைப் பார்த்துக்கொண்டார். சுறுசுறுப்பானவர்; வியாபார நுணுக்கம் தெரிந்தவர். கால்வா பட்டணத்தில் மனைகள், இருப்புப்பாதை ஒப்பந்தங்கள், வங்கி முதலீடுகள் என்று ஊரின் பணம் பல இடங்களுக்குப் போயிற்று. நல்ல காலத்தில் யாரும் கேட்கவில்லை. 1857-ல் அமெரிக்கா முழுவதும் நிதி நெருக்கடி வந்தது. வங்கிகள் மூடப்பட்டன, விலைகள் சரிந்தன, ஒப்பந்தப் பணம் வரவில்லை. பிஷப் ஹில் கடனில் மூழ்கியது. எவ்வளவு கடன் என்று வயலில் உழைத்துக்கொண்டிருந்த அங்கத்தினருக்குத் தெரியவில்லை. இதற்குள் வேறொரு மனஸ்தாபமும் சேர்ந்திருந்தது. துறவு வாழ்க்கை நடத்தும் ஷேக்கர் சபையாரைப் பார்த்து, 1850-களின் நடுவில் இவர்கள் நடுவிலும் திருமணம் தடைசெய்யப்பட்டது. பலர் வெறுத்துப்போய் வெளியேறினார்கள்.

கடைசியில் சொத்தைப் பங்கிடுவதென்று முடிவாயிற்று. 1861-ல் பங்கீடு முடிந்தது. 35 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், ஒரு முழுப் பங்கு. ஒரு முழுப் பங்கு என்பது ஏறத்தாழ 22 ஏக்கர் நிலமும், சிறிது காட்டு நிலமும், ஊருக்குள் ஒரு மனையும் ஆகும். வயது குறைந்தவர்களுக்கு வயதுக்கேற்ற பங்கு. பெண்களுக்கும் சமபங்கு கொடுத்தது அந்தக் காலத்துக்கு அரிய நியாயம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பங்கீடு முடிந்தும் துன்பம் முடியவில்லை. பழைய கடன்களைத் தீர்க்க ஒவ்வொரு பங்குக்கும் பணம் கட்டும்படி டிரஸ்டிகள் கேட்டார்கள். கட்டினார்கள். மறுபடியும் கேட்டார்கள். அப்போதுதான் ஜனங்கள் கணக்கு கேட்டார்கள். 1868-ல் வழக்குத் தொடரப்பட்டது. 1870-ல் ஓலோஃப் ஜான்சன் மரித்த பின்பும் அது ஓயவில்லை; 1879 வரை நடந்தது. 15 ஆண்டுகள் சேர்ந்து உண்ட சகோதரர்கள் 11 ஆண்டுகள் நீதிமன்றத்தில் எதிரெதிராய் நின்றார்கள்.

டிரஸ்டிகள் அத்தனை பேரும் வஞ்சகர் என்று சொல்வதற்கில்லை. நல்ல நோக்கத்தோடு துணிந்து இறங்கி நஷ்டப்பட்டவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். ஆனால் கொடுத்தவர்களுக்கு முன்பாகக் கணக்குப் புத்தகம் ஆண்டுதோறும் திறந்து வைக்கப்பட்டிருந்தால், நஷ்டத்தைக்கூட ஒன்றாய்ச் சுமந்திருப்பார்கள். அதே ஜனங்கள் அதற்கு முன்பு எத்தனை நஷ்டங்களை ஒன்றாய்ச் சுமந்தவர்கள்! ஒரு பொதுக் காரியம் பணக்குறைவினால் தளரலாம். அதை அழிப்பது சந்தேகம். சந்தேகம் பிறப்பது கணக்கு மூடியிருக்கிற இடத்தில்.

பங்கீட்டுக்குப் பின்

பொதுப் பை போய்விட்டது. ஜனங்களில் பலர் மெதடிஸ்டு சபையில் சேர்ந்து, 1868-ல் தங்களுக்கென்று ஓர் ஆலயம் கட்டினார்கள். சிலர் வேறு சபைகளுக்குப் போனார்கள். உள்நாட்டு யுத்தம் வந்தபோது இங்கிருந்து ஒரு சுவீடன் படைப்பிரிவே புறப்பட்டுப்போய், இல்லினாயின் 57-வது காலாட்படையில் சேர்ந்தது. இளையோர் நல்ல நிலம் தேடி கான்சாஸ் முதலான மாநிலங்களுக்குப் போனார்கள். பெரிய கட்டிடங்கள் பழுதடைந்தன. ஊர் மறக்கப்பட்டுவிடும் என்று தோன்றிய காலம் அது.

மறக்கவிடாமல் செய்தவர்களில் ஒருவர் ஓலோஃப் கிரான்ஸ். 1838-ல் சுவீடனில் பிறந்து, 12 வயதில் பெற்றோருடன் இங்கே வந்தவர். சிறுவனாய் அந்தப் பொது வாழ்வைக் கண்ணாரக் கண்டவர். யுத்தத்துக்குப் போய்த் திரும்பியபின் கால்வாவில் வீடுகளுக்கு வர்ணம் அடிப்பது அவருடைய பிழைப்பு. வயது சென்ற பின்பு, 1896-ல் ஊரின் 50-ம் ஆண்டு விழாவை ஒட்டிய காலத்தில், தாம் சிறுவயதில் கண்டதையெல்லாம் நினைவிலிருந்து வரையத் தொடங்கினார். ஓவியக் கல்லூரிப் படிப்பு இல்லாதவர். பெண்கள் ஒரே வரிசையாய் நின்று கயிறு பிடித்து மக்காச்சோளம் விதைப்பது, ஆண்கள் நீண்ட பிடியுள்ள அரிவாளோடு அணிவகுத்து அறுப்பது, எருதுகள் புல்வெளியை உழுவது ஆகியவற்றை வரைந்தார். கூடவே முதல் தலைமுறை முதியோரின் முகங்களையும் ஒவ்வொன்றாய் வரைந்தார். அவர் 1916-ல் மரித்தார். அவருடைய ஓவியங்கள் இன்று அந்த ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் வரைந்த படங்களில் வழக்கும் இல்லை, கடனும் இல்லை. சேர்ந்து செய்த வேலைதான் அவருக்கு நினைவில் நின்றது.

1946-ல், ஊரின் 100-ம் ஆண்டில், பழைய ஆலயம் இல்லினாய் மாநிலத்தின் பராமரிப்பில் ஒப்படைக்கப்பட்டது. 1962-ல் ஊராரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு பாரம்பரியச் சங்கத்தை உண்டாக்கினார்கள். இடிக்கப்பட இருந்த கட்டிடங்களை ஒவ்வொன்றாய் வாங்கிப் பழுதுபார்த்தார்கள். 1984-ல் அமெரிக்க அரசு பிஷப் ஹில்லைத் தேசிய வரலாற்றுச் சின்னமாய் அறிவித்தது.

இன்றைய ஊர்

ஊரின் நடுவில் மரங்கள் நிறைந்த பூங்கா. அதில் முன்னோருக்கும் போர்வீரருக்கும் நினைவுச் சின்னங்கள். சுற்றிலும் பழைய செங்கல் கட்டிடங்கள், வெள்ளை அடித்த ஆலயம், ஒற்றை முள் கடிகாரம். பழைய கடைக் கட்டிடத்தைப் பாரம்பரியச் சங்கமே நடத்துகிறது. சுவீடன் வம்சத்தாரின் பதிவேடுகளைக் காக்கும் ஆவணக் காப்பகமும் இங்கே உண்டு. தங்கள் முன்னோர் யார் என்று தேடிப் பலர் வருகிறார்கள்.

செப்டம்பர் கடைசியில் அறுவடை விழா. பழைய முறைப்படி துடைப்பம் கட்டுவது, சர்க்கரைச் சோளத்தின் பாகு காய்ச்சுவது போன்றவற்றைச் செய்துகாட்டுவார்கள். ஜூனில் நடுக்கோடை விழா. டிசம்பரில் சாளரமெங்கும் மெழுகுவர்த்தி ஏற்றும் லூசியா இரவுகள். கிறிஸ்துமஸ் அன்று விடியுமுன் அந்தப் பழைய ஆலயத்தின் மேல்மாடியில் யூலோட்டா என்னும் அதிகாலை ஆராதனை நடக்கும். நம் ஊர்களில் போலவே இருட்டோடு எழுந்து, குளிரில் நடந்து, ஆலயம் சேர்கிறார்கள்.

நூற்றுச் சொச்சம் பேர் மாத்திரம் உள்ள ஊர் இத்தனை கட்டிடங்களையும் விழாக்களையும் தாங்க முடியுமா? தனியாய் முடியாது. சுற்றியுள்ள பண்ணை வீட்டாரும், தூரத்திலுள்ள வம்சத்தாரும், சங்கத்தின் அங்கத்தினரும் கைகொடுக்கிறார்கள். ஒருவர் பணம் கொடுக்கிறார், ஒருவர் ஓட்டை அடைக்கிறார், ஒருவர் ரொட்டி சுடுகிறார். தனிச் சொத்து அவரவருக்கு உண்டு. ஆனாலும் பொது வேலை நடக்கிறது.

அன்பானவர்களே, பிஷப் ஹில்லின் வரலாற்றை வாசிக்கும்போது இரண்டு காரியங்கள் நம் மனதில் பதிகின்றன. ஒன்று, வியாதியஸ்தரைக் குற்றப்படுத்துவதால் யாரும் குணமாவதில்லை. அவருக்குச் சுத்தமான தண்ணீரும் மருந்தும் பரிவான கையும் தேவை. மற்றொன்று, கொடுக்கிறவர்கள் கணக்கு கேட்பது அவிசுவாசமல்ல. அது அந்தக் காரியத்தைக் காப்பாற்றுகிற அன்பு. பொறுப்பிலிருப்பவர்கள் கேட்கப்படும் முன்பே கணக்கைத் திறந்து வைப்பது அதைவிடப் பெரிய அன்பு. உங்கள் சபையிலோ, பள்ளியிலோ, சங்கத்திலோ பொதுப் பணத்தைக் கையாளும் பொறுப்பு உங்களுக்கு இருந்தால், அந்தச் சிறிய ஊர் 1868-லிருந்து 1879 வரை பட்ட பாட்டை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தை மேஜையின் நடுவில் வையுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் கைகளின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக.